ஐம்பத்தெட்டு பேருக்கு ஒரே எண்

அடுத்தவர்களின் ஃபார்மை நிரப்பிக் கொடுப்பதுதான் அவள் வேலை. பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், சுழல மறுக்கும் ஒரு சுழல் நாற்காலி. பள்ளிச் சேர்க்கை, ஓய்வூதியம், முகவரி மாற்றம், கிரெடிட் கார்டு என்று எது வேண்டுமானாலும் அந்த நாற்காலியின் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். சந்து முழுக்க அவளுக்கு ஃபார்ம் அக்கா என்று பெயர். அவளைவிட முப்பது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கார்டு கேட்டு வருகிறவர்களுக்கு அவள் ஒரு பாடம் வைத்திருந்தாள்.

"சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீங்க, சம்பளச் சீட்டு கேட்டா முழிப்பீங்க. கரண்ட் பில்லுல என்ன அட்ரஸோ அதேதான் எல்லாத்துலயும் இருக்கணும். சம்பளம் எந்த பேங்க்ல ஏறுதோ அங்க முதல்ல கேளுங்க. ஒரு இடத்துல இல்லைன்னுட்டா உடனே அடுத்த இடத்துக்கு ஓடாதீங்க, நாம ஓடறது அவங்களுக்குத் தெரியும். ஆறு மாசம் பொறுத்து, பில்லையெல்லாம் தேதிக்கு முன்னாடி கட்டிட்டு வாங்க."

"இவ்வளவு பேசறியே, உன்கிட்ட ஒரு கார்டு இருக்கா?" என்று கடை முதலாளி லேமினேஷன் மிஷினுக்கு அந்தப் பக்கமிருந்து சீண்டுவார்.

"எனக்கெதுக்குண்ணே? கையில இருக்கறதைச் செலவு பண்றதுக்கே கை நடுங்குது."

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத்தான் ஒரு புதன்கிழமை காலையில் கிரெடிட் கார்டு தேவைப்பட்டது. மகளின் காதுக் கருவி சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்த காலை அது.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் குட்டி. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் அறுவை சிகிச்சை செய்து தலைக்குள் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு வெளியிலிருந்து சத்தத்தைப் பிடித்து அனுப்பக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒன்று உண்டு. அதன் வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். வெளிக்கருவி இல்லையென்றால் உள்ளே இருப்பதால் ஒரு பயனும் இல்லை. குளிக்க வைக்கும்போது அதைக் கழற்றி மூடி போட்ட டப்பாவில் வைப்பது அவள் வழக்கம். மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அன்று பால் பொங்கும் சத்தம் கேட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடினாள். துண்டை இழுத்தபோது தட்டியிருக்க வேண்டும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுக் கடைசியில் ஊற வைத்த துணிக்கு அடியிலிருந்து அதை எடுத்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது.

செவித்திறன் மையத்தில் கருவியைத் திறந்து பார்த்த பெண், உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்ததைக் காட்டினாள்.

"கம்பெனிக்கு அனுப்பணும். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் இவ என்ன பண்ணுவா மேடம்? இப்பத்தான் முழு வாக்கியமாப் பேச ஆரம்பிச்சிருக்கா."

"அதுக்குத்தான் இரவல் பிரிவு இருக்கு. இதே மாடல்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு. உங்க பேர்ல எடுத்து வைக்கறேன். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, அஞ்சு மணி வரைக்கும். அதுக்கப்புறம் காத்திருக்கற அடுத்த பிள்ளைக்குக் குடுத்தாகணும்."

இரவலுக்கு வாடகை கிடையாது. ஆனால் கருவி திரும்பி வரும்வரை ஒரு கிரெடிட் கார்டில் முப்பதாயிரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். எடுக்க மாட்டார்கள், பிடித்து வைப்பதோடு சரி. ரொக்கம் வாங்க அந்த மையத்துக்கு அனுமதி இல்லை. சாதாரண பேங்க் கார்டில் அப்படிப் பிடித்து வைக்க வழி இல்லை. யாருடைய கார்டாக இருந்தாலும் பரவாயில்லை, தொகை நின்றால் போதும் என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அவள் முகத்திலும் சங்கடம் தெரிந்தது. இதே வாக்கியத்தை அன்றைக்கு எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாளோ.

கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலை இருக்கும் வாரம் இரவு பகல் தெரியாது, இல்லாத வாரம் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துத் துடைத்து வைப்பான். கூட்டாளி ஒருத்தன் வாங்கிய வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கூட்டாளி வண்டியோடு காணாமல் போனதிலிருந்து பேங்குகளில் அவன் பெயரைச் சொன்னாலே கம்ப்யூட்டர் முகம் சுளித்தது.

"உன் பேர்லயே போடு. நீதானே ஊருக்கே போட்டுக் குடுக்கறவ?" என்றான்.

வியாழக்கிழமை மாலை, வாடிக்கையாளர்கள் போன பிறகு, அவள் தனக்கான ஃபார்மைத் திறந்தாள். சம்பளம் ஏறும் அதே பேங்க். முகவரி கரண்ட் பில்லில் உள்ளபடி. சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டவில்லை. கடன் இல்லை, பாக்கி இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். இப்படிப்பட்ட ஃபார்ம் தன் முன்னால் வந்தால் 'உங்களுக்குக் கண்டிப்பா கிடைக்கும்' என்று சொல்லியிருப்பாள்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. 'தங்கள் விண்ணப்பத்தைத் தற்போது ஏற்க இயலவில்லை.'

காரணம் எதுவும் இல்லை. தற்போது என்ற சொல்லை மட்டும் அவள் பல முறை படித்தாள்.

வெள்ளி, சனி என்று இரண்டு நாள் தன் பாடத்தைத் தானே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஓடாதே, பொறு, அவர்களுக்குத் தெரியும். வீட்டில் குட்டி தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்திக் கத்திப் பேசினாள். "அம்மா! தண்ணி! அம்மா!" சத்தம் கூடிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தலையில் காந்தம் ஒட்டும் இடத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள் குட்டி. ஆஃப் ஆகியிருக்கிறது, ஆன் பண்ணு என்று அர்த்தம்.

சனிக்கிழமை மாலை அவள் இரண்டாவது பேங்குக்கு மனுப் போட்டாள். அதற்கும் இரண்டு நிமிடம். அதே வாக்கியம், எழுத்தின் நிறம் மட்டும் வேறு.

ஞாயிறன்று கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் உள்ளே போய்ப் புருஷனிடம் பேசிவிட்டு வந்து, "அவர் கார்டு விஷயத்துல ரொம்ப கண்டிப்பு அண்ணி. எனக்கே தர மாட்டாரு. குட்டிக்கு இதைக் குடுங்க" என்று ஒரு பொட்டலம் பிஸ்கெட்டை நீட்டினாள். திங்களன்று முதலாளியிடம் கேட்டாள்.

"என் கார்டா? அது கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்குது. அதுல முப்பது ரூபாய் கூட நிறுத்த முடியாது, இதுல முப்பதாயிரமா?" என்றார் முதலாளி. கிண்டலாகத் தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சத்தியமாம்மா. இருந்தா குடுக்க மாட்டேனா?" என்று முடித்தார்.

பணமாக வைத்தால் அதன் பேரில் கார்டு தருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு அவள் சொல்லும் கடைசி வழி அது. டெபாசிட் போட்டால் அந்த அளவுக்குக் கார்டு. கணவன் ஃபிரிட்ஜுக்கு கேஸ் நிரப்பும் செட்டில் உபரியாக இருந்ததை விற்றான். அவள் வளையல் இரண்டையும் அடகு வைத்தாள். எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. புதன்கிழமை அதைக் கைப்பையின் அடியில் வைத்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சம்பளம் ஏறும் பேங்குக்குப் போனாள்.

கார்டுப் பிரிவில் இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார், தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடி தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஃபார்ம்ல போட்டிருக்கேனே சார். ஜெராக்ஸ் கடையில டேட்டா என்ட்ரி."

"உங்க ஃபோன் நம்பர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியுமா?"

அவளுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்றே விளங்கவில்லை. அவர் திரையை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"அம்பத்தெட்டு பேர். வேற வேற பேரு, வேற வேற அட்ரஸ். எல்லாருக்கும் இந்த ஒரே நம்பர். அத்தனை பேரும் ஏதாவது ஒரு பேங்க்ல கார்டுக்கு மனுப் போட்டிருக்காங்க. இதை கம்ப்யூட்டர் என்னன்னு நினைக்கும்? ஒரு ஆளு அம்பத்தெட்டு பேர்ல ஏமாத்தறாருன்னுதான் நினைக்கும்."

ஐம்பத்தெட்டு பேரையும் அவளுக்குத் தெரியும். தெருக் கூட்டுகிறவர்கள், வாட்ச்மேன்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஃபோனே இல்லாதவர்கள், இருந்தும் ஓடிபி படிக்கத் தெரியாதவர்கள். ஃபோன் நம்பர் என்ற கட்டம் வந்ததும் அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "சரி, என் நம்பரைப் போட்டுக்கறேன். ஏதாவது வந்தா நான் சொல்றேன்" என்பாள் அவள். அவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒருத்தர்கூட விட்டுப்போகாமல் ஒரு நோட்டில் பேரும் தேதியும் எழுதி வைத்திருந்தாள். அத்தனையும் ஒழுங்கு.

"டெபாசிட் வைக்கறேன் சார். முழுப் பணமும் கையில இருக்கு."

"பணம் பிரச்சினை இல்ல மேடம். இந்த நம்பர் தடையில இருக்கு. நான் எதை அமுக்கினாலும் திருப்பி அனுப்பும். ஒரே வாரத்துல ரெண்டு மனு வேற."

"புது நம்பர் வாங்கிட்டு வரேன்."

"வாங்கலாம். கணக்குல ஏறி முப்பது நாள் ஆகணும்."

"வெள்ளிக்கிழமை சார். எனக்கு வெள்ளிக்கிழமை வேணும்."

அவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து அதே இடத்தில் வைத்தார். அவள் எழுந்திருக்கும்போது, "போன ஆறு மாசமாத்தான் இந்தச் சோதனை. முன்னாடி போட்டவங்களுக்கெல்லாம் கிடைச்சிருக்கும்" என்றார், ஆறுதல் போல.

வெளியே படியில் இறங்கும்போதுதான் அது முழுசாக உறைத்தது. ஆறு மாதமாக நிறையப் பேருக்கு மறுப்பு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் அவள், "உங்க சம்பளம் பத்தலை, அதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு போனார்களே, அவர்களுக்கு மறுத்தது அவளுடைய நம்பர்.

வியாழக்கிழமை குட்டி கத்துவதை நிறுத்திவிட்டாள்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கத்தியபோது தலைவலித்தது, இப்போது வீடு வெறிச்சென்று கிடந்தது. குட்டி தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்பாவைத் தேடினால் செருப்பைக் காட்டினாள். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "வார்த்தைங்களை விட்டுட்டு சைகைக்குப் போறா. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் குட்டியையும் கூட்டிக்கொண்டு கணவனோடு மையத்துக்குப் போனாள். கெஞ்சிப் பார்க்கலாம் என்பதைத் தவிர ஒரு திட்டமும் இல்லை. ரொக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். இரவல் பிரிவுப் பெண் அதை அவள் பக்கமே மெதுவாகத் தள்ளினாள்.

"என்னால வாங்க முடியாதும்மா. வேலை போயிடும். யார்கிட்டயாவது கார்டு இருந்தா ஃபோன் பண்ணுங்க. அவங்க நேர்ல வர வேண்டாம், லிங்க் அனுப்பறேன், அங்கிருந்தே போடலாம். அஞ்சு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

லிங்க் அவள் ஃபோனுக்கு வந்தது. நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரே இன்னொரு அம்மா, மடியில் ஒரு கைக்குழந்தை. காத்திருக்கும் அடுத்த பிள்ளை அதுவாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

நாலே முக்காலுக்கு அவளுக்கு, ஐம்பத்தெட்டு பேரில் ஒருவரான மரக்கடை வாட்ச்மேன் ஞாபகம் வந்தார்.

உண்மையைச் சொன்னால், புதன்கிழமையிலிருந்தே ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அவள்தான் அந்த நினைப்பைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். வாட்ச்மேனுக்கு அவள் பேங்கிலேயே முப்பத்தைந்தாயிரத்துக்குக் கார்டு கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அதை ஒரு தடவைகூட அவர் தேய்த்ததில்லை. கார்டு வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து அவளிடம் நீட்டியவர் அவர். அவள்தான் பிரித்து, உயிர் கொடுத்து, தொலைந்து போனால் உடனே நிறுத்துவதற்காக முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் எடுத்து வைத்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாள். அந்தப் படங்கள் அவள் ஃபோனிலும் இருந்தன. ஓடிபி வருவதும் அதே ஃபோனுக்குத்தான்.

கணவனிடம் சொன்னாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்புறம் என்ன? போடு."

"அவரைக் கேக்கணும்."

"கேளு."

"அவர்கிட்ட ஃபோன் இல்ல. அதனாலதானே என் நம்பர்."

"மரக்கடைக்குப் போய் வர எவ்வளவு நேரம்?"

"போறதுக்கே முக்கால் மணி."

அவன் குட்டியைப் பார்த்தான். குட்டி சுவரில் ஒட்டியிருந்த காது படத்தை விரலால் வருடிக்கொண்டிருந்தாள். "நாம என்ன காசையா எடுக்கறோம்? சும்மா நிக்கப் போகுது. ரெண்டு மாசம் கழிச்சு விட்டுடுவாங்க. அவருக்குத் தெரியக்கூடப் போறதில்ல."

"அது தப்புங்க."

"தப்புதான். யாரு இல்லன்னா? மணி அஞ்சாகப் போகுது."

கேட்டிருந்தால் அவர் சரியென்றிருப்பார் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கார்டு நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க, பேங்க்காரனே கேட்டாலும் சொல்லாதீங்க என்று அவருக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பதினாறு எண்களையும் அடித்தாள். பின்பக்கத்து மூன்று எண்களையும் அடித்தாள். ஃபோன் அதிர்ந்தது. ஆறு இலக்கம், அதற்குக் கீழே 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்'. முதல் தடவை ஒரு எண் தப்பாக விழுந்தது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது.

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது தொகை நின்றது.

அன்று மாலை வீட்டில் குட்டியைத் தனக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, பயிற்சிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு சத்தமாகச் சொன்னாள். "ஆ." குட்டி கையைத் தூக்கினாள். "ஊ." தூக்கினாள். "ஸ்..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கை மெல்ல மேலே போனது. கணவன் சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவினான். அவளும் அழுதாள். ஆனால் நடுவில் ஃபோன் ஒரு தடவை அதிர்ந்ததும் அழுகை நின்றுவிட்டது. ஏதோ விளம்பரம்தான். அதன் பிறகு அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே வாசலில் வாட்ச்மேன் நின்றிருந்தார். டியூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறார். கையில் காக்கிச் சட்டை மடித்து இருந்தது.

"வாம்மா. உனக்காகத்தான் நிக்கறேன்." அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். அதை இன்னும் அந்த முதல் நாள் கவரிலேயே வைத்திருந்தார். "இது வேலை செய்யலம்மா."

"எங்க ஐயா குடுத்தீங்க?"

"பல்லு டாக்டர்கிட்ட." அவர் வெட்கத்தோடு சிரித்தார். முன்வரிசையில் இரண்டு பல் மட்டும் இருந்தது. "செட்டுப் பல்லுக்கு அளவு குடுத்திருந்தேன். பதினோராயிரம். இதுக்காகத்தானே இந்தக் கார்டே வாங்கினேன், உனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் டியூட்டிக்குப் போற வழியில போனேன். மாட்டி விட்டாங்க. கண்ணாடியில பாத்தா எனக்கே அடையாளம் தெரியல. பத்து வயசு கொறஞ்சாப்ல இருந்துச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு கார்டைத் தேச்சுது. இல்லன்னுது. திருப்பித் தேச்சுது. இல்லன்னுது. பின்னாடி நாலு பேரு நிக்கறாங்க." அவர் கார்டை அவள் மேஜையில் வைத்தார். "அப்புறம் என்ன, கழட்டி வாங்கிக்கிட்டாங்க. பல்லை."

முதலாளி உள்ளேயிருந்து இன்னொரு ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். நகல் மிஷின் சூடாகும் சத்தம் கேட்டது.

"நம்பரைத் தப்பா அமுக்கிட்டேனாம்மா? நீ சொன்ன நாலு நம்பரைத்தான் அமுக்கினேன். வயசாச்சு, வெரலு எங்கயாவது பட்டுச்சோ என்னமோ. ராத்திரி பூரா அதையே நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

சர்வர் கோளாறு ஐயா, ரெண்டு மாசம் கழிச்சுப் பாருங்க. இந்த வாக்கியம் அவள் நாக்கிலேயே இருந்தது. நூறு பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம். அவர் நம்புவார், கும்பிடுவார், போய்விடுவார்.

"நீங்க தப்பா அமுக்கல ஐயா" என்றாள். "நான்தான் பண்ணேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, மையம், வெள்ளிக்கிழமை, ஐம்பத்தெட்டு பேர், ஸ்கேன் படம், ஓடிபி. வரிசை தவறாமல் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது. முதலாளி ஷட்டரைப் பாதியில் பிடித்தபடியே நின்றார்.

வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கார்டை எடுத்து மறுபடி கவருக்குள் போட்டார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நேரம் இல்ல ஐயா."

"வெள்ளிக்கிழமை நேரம் இல்ல, சரி. புதன்கிழமை?"

அவள் தயங்கித் தயங்கி, "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? கேட்டிருந்தாத்தானே எனக்கே தெரியும்."

அவள் கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்தாள். "பல்லுக்கு நான் கட்டறேன் ஐயா. கார்டுதான் எனக்குக் கிடைக்கல, காசு இருக்கு." சொல்லும்போதே அதன் அபத்தம் அவளை அறைந்தது. காசு அவளிடம் இருந்தது, கார்டு அவரிடம் இருந்தது. மரக்கடை வரைக்கும் போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

"கடனாத்தான் வாங்கிப்பேன். ஓசிப் பல்லுல என்னால சாப்பிட முடியாது. அதெல்லாம் அப்புறம். முதல்ல உன் நம்பரை என் கார்டுலேர்ந்து எடு."

"வேற நம்பர் குடுங்க, உடனே மாத்தலாம்."

அவருடைய மகன் எங்கேயோ இருந்தான், எங்கே என்று அவருக்கே தெரியாது. மருமகள் பேசுவதில்லை. மரக்கடை முதலாளிக்கு இவர் பேர்கூடத் தெரியுமோ என்னவோ. அவர் கண் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெறும் கையோடு திரும்பி வந்தது.

"அதான் உன் நம்பரைப் போட்டேன்" என்றார்.

எதிர்ப்பக்கத்து ஃபோன் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த, பட்டன் பெரிசாக இருக்கிற ஃபோனை அவள் வாங்கினாள். அதையும் கடன் கணக்கில் சேர்க்கச் சொன்னார் வாட்ச்மேன். சிம் உயிர் பெற ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவர் ஃபோன் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார், அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். "உட்காரு" என்று அவர் சொல்லவில்லை.

பேங்குக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள். "ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். நேத்து நின்ன பணத்தை நீங்க நிறுத்தலன்னு அங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விட்டுடுவாங்க. கருவியைத் திரும்ப வாங்கிடுவாங்க. என் மேல கேஸ் போடுவாங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் மறுக்க மாட்டேன்."

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை அரை நாள் என்பதால் கூட்டம் நெரிந்தது. அதே சின்ன வயசு அதிகாரிதான். அவளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். வாட்ச்மேனின் கார்டை வாங்கித் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் முப்பதாயிரம் நின்னிருக்கு. ஒரு காது ஆஸ்பத்திரியில. நீங்க போட்டதா ஐயா?"

அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விளிம்பில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்த கோடுகளையே பார்த்தாள். வாட்ச்மேன் அவளைத் திரும்பிப் பார்த்தது கண்ணோரத்தில் தெரிந்தது.

"அது இருக்கட்டும்" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் நின்னுதா? ஏதாவது புகார் இருந்தா இப்பவே எழுதிக்கலாம்."

"இப்பத் தெரியும். இருக்கட்டும் தம்பி. நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க."

அதிகாரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டினார். "புது நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் ஐயா. வந்ததும் சொல்லுங்க."

புது ஃபோன் வாட்ச்மேனின் உள்ளங்கையில் கீச்சென்றது. பழக்க தோஷத்தில் அவள் கை தானாக அதை வாங்க நீண்டது.

அவர் ஃபோனை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். இன்னொரு கையைக் குவித்துத் திரையை மறைத்து, வெளிச்சத்துக்காகக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக எழுத்துக் கூட்டுவதுபோல் வாயசைத்தார்.

"நிதானமாச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றார் அதிகாரி.

அவள் இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி, கேட்காத தூரத்தில் போய் நின்றுகொண்டாள்.